ஒரு லட்டு, இரண்டு ஹார்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் தீவின் டாலிகஞ்சில், காதர் பாய் கடை வாசலில் என் கையில் ஒரு லட்டு திணிக்கப்பட்டது.

'திணிக்கப்பட்டது' என்று நான் சொன்னால் என் டாக்டர் நம்பமாட்டார். நீங்களாவது நம்புங்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் லட்டு போய்விட்டது. இரண்டாவது லட்டை மட்டும் நானே எடுத்தேன்.

கொடுத்தவர் சேவியர். போட் என்ஜின் மெக்கானிக். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். தீவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மட்டும் இன்னும் அந்தக் கரையிலேயே நிற்கிறது. அன்று அவர் தோளில் ஒரு பை, கையில் லட்டுப் பெட்டி, முகத்தில் அவசரம். தெற்குக் கோடியில், கேம்பல் பேயில் யாருடைய டிங்கிப் படகிலோ என்ஜின் படுத்துவிட்டதாம். கப்பலைப் பிடிக்க வேண்டும்.

"என்னண்ணே விசேஷம்?" என்றார் காதர் பாய்.

"பெனி போன் பண்ணுனா. ஃபைனல்ல ஹார் மிலீ. எல்லாரும் எடுத்துக்கிடுங்க... எனக்குக் கப்பலுக்கு நேரமாச்சு."

அவ்வளவுதான். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

பெனி என்கிற பெனிட்டா சேவியரின் ஒரே மகள். இந்தப் பத்திரிகைப் பத்தியில் அவளைப் பற்றி நான் எழுதி எழுதி உங்களில் பலருக்கு அலுத்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக – சைக்கிள் பந்தய வீராங்கனை. பதினெட்டு வயதில் மெயின்லேண்ட் போனவள், இப்போது முப்பத்தொன்று. ஒரு கம்பெனி அணிக்காகச் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டுகிறாள். அவளுடையது ஸ்பிரிண்ட். இரண்டே பேர். முதலில் மதில்மேல் பூனைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்தபடி மெதுவாக உருட்டுவார்கள். கடைசிச் சுற்றில் திடீரென்று வெடித்துக் கிளம்புவார்கள். பார்க்கிற நமக்கு மூச்சு நின்றுவிடும்.

முழங்கால் இனி தாங்காது. இந்தத் தேசியப் போட்டியோடு சரி என்று முன்பே சொல்லியிருந்தாள்.

சரி, 'ஹார்' என்றால் என்ன? மாலை. பூக்கடையில் 'ஏக் ஹார் தேனா' என்றால் மாலையை எடுத்துக் கொடுப்பார்கள். எங்கள் தீவில் தமிழ் வீட்டுக்குள்ளே இருக்கும், ஹிந்தி வாசலில் இருக்கும். அவசரத்துக்கு ஒன்றின் செருப்பை மற்றொன்று மாட்டிக்கொண்டு போய்விடும். யாரும் கண்டுகொள்வதில்லை.

ஃபைனலில் மாலை. கையில் லட்டு. இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமா?

"பெனி ஜீத் கயா!" – பெனி ஜெயித்துவிட்டாள் – என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார் காதர் பாய்.

காதர் பாய் கீழக்கரைக்காரர், மளிகைக் கடை வைத்திருக்கிறார். டாலிகஞ்சில் எந்த விழாவுக்கும் அவர்தான் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுத்ததில்லை. யாரும் மறுத்ததும் இல்லை. அன்று மத்தியானத்துக்குள் கமிட்டி தயார். ஞாயிற்றுக்கிழமை பெனி வருகிறாள். ஏர்போர்ட்டில் வரவேற்பு, சாயங்காலம் ஹாலில் பாராட்டு விழா, பிரியாணி. மாலைக்கு ரோஜாவும் சம்பங்கியும் சென்னையிலிருந்து விமானத்தில் வரும். இந்தத் தீவில் தேங்காய் வேண்டுமானால் தலையில் விழும், மாலைக்கு ஆகிற ரோஜா பறந்துதான் வரவேண்டும்.

ஃப்ளெக்ஸும் வந்தது. 'தங்க மங்கையே வருக!' பெனியின் படம் ஒன்று, கமிட்டிக்காரர்கள் படம் பதினான்கு. அதில் நான் பதினோராவது.

ஆமாம், எண்ணினேன். எனக்கு அது ஒரு வியாதி. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சரிபார்ப்பதுதான் வேலை. ரிடையர் ஆனபோது வேலை நின்றது, எண்ணுவது நிற்கவில்லை. மாத்திரை எண்ணுகிறேன், எதிர்வீட்டு நாய் குரைப்பதை எண்ணுகிறேன். "உங்களை யாராவது எண்ணச் சொன்னார்களா?" என்று மனைவி கேட்பதையும் எண்ணுகிறேன்.

பெனியின் ஃபைனல்களையும் அப்படித்தான். அதுவரை பதினொன்று. வென்றது நான்கு. இது ஐந்தாவது!

இந்த ஐந்து எனக்கு மிகவும் தேவையாக இருந்தது. காரணம், வடக்கே ரங்கத் என்ற ஊரிலிருந்து ஒரு வாசகர். "நாலு தடவை ஜெயித்தவரை எல்லாம் மாபெரும் வீராங்கனை என்று எழுதுகிறீர்களே, பெருமைக்கு உங்கள் அளவுகோல்தான் என்ன சார்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனாலேயே கோபம் வந்தது. ஐந்து என்று எழுதி அவர் வாயை அடைக்கலாம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தேன். எவ்வளவு வித்தியாசத்தில் வென்றாள் என்றும் போட்டுவிடலாமே என்று போனில் முடிவுகளைத் தேடினேன்.

மழை நேரத்து நெட்வொர்க். பக்கம் மேலிருந்து கீழே, வரி வரியாக இறங்கியது.

முதல் வரியில் யாரோ ஒரு பெண்ணின் பெயர்.

இரண்டாவது வரியில் பெனிட்டா.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். பெயர்கள் இடம் மாறவில்லை. அப்போதுதான் உறைத்தது. ஹிந்தியில் ஹார் என்றால் மாலை. ஹார் என்றால் தோல்வியும்தான்!

மாலை ஆண்பால், தோல்வி பெண்பால். மாலை கிடைத்தால் 'ஹார் மிலா'. தோல்வி கிடைத்தால் 'ஹார் மிலீ'. ஓர் எழுத்துதான் வித்தியாசம். டில்லியில் நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியும். ஆனால் எங்கள் தீவு ஹிந்தி வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோரும் சேர்ந்து சமைத்தது. அதில் ஆண்பால் பெண்பாலை எப்போதோ கடலில் போட்டுவிட்டோம். அவன் வந்தாலும் 'ஆயா', அவள் வந்தாலும் 'ஆயா'. டிக்கெட் கவுண்டரில் கப்பல் ஆணா பெண்ணா என்று யாராவது கேட்பார்களா? என்றைக்கு வரும் என்பதுதானே கேள்வி!

அன்று சேவியர் சொன்னது மிலாவா, மிலீயா? லட்டு வாயில் இருந்தபோது காது வேலை செய்யவில்லை. எதுவானால் என்ன... மகள் போனில் தோல்வி என்று சொல்லியிருக்கிறாள், மனிதர் மாலை என்று புரிந்துகொண்டு லட்டு வாங்கியிருக்கிறார். காதர் பாய் கடைக்கு ஓடினேன் – அதாவது, என் வயதில் எதை ஓட்டம் என்பார்களோ அது.

"பாய், வெள்ளி!"

"ஆமா, வெள்ளிதான். ஜும்மா முடிஞ்சுதானே கடையத் தொறந்தேன்."

"கிழமை இல்லை பாய். பதக்கம்!"

போனைக் காட்டினேன். ஒருமுறை பார்த்தார். தூரத்தில் பிடித்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப சேவியர் அண்ணன்... தப்பா வெளங்கிக்கிட்டாரா?"

"அப்படித்தான் இருக்க வேண்டும்."

"ஊரே லட்டு தின்னுருச்சே சார். வயித்துக்குள்ள போனத வாபஸ் வாங்க முடியுமா?"

"ஃப்ளெக்ஸ்?"

"தொங்கிருச்சு."

"இப்போதே எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டால்?"

"அரே, நீங்க வேற! அவரு மொகத்த எங்க கொண்டு போயி வெப்பாரு? மக தோத்ததுக்கு லட்டு குடுத்த ஆளுன்னு காலத்துக்கும் பேரு வெச்சுருவானுங்க. நம்ம ஊரு தெரியாதா? ஒருத்தரு எப்பவோ ஒரு தடவ கப்பல்ல வாந்தி எடுத்தாரு. இன்னிக்கி வரைக்கும் அவருக்குப் பேரு வாமிட் பாபு!"

உண்மைதான். வாமிட் பாபுவின் சொந்தப் பெயர் எனக்கும் தெரியாது.

"சலேகா சார், சமாளிச்சுரலாம். ஒரு நாள் கூத்து. ஒங்க வாயி, என் வாயி – ரெண்டையும் மூடிக்கிருவோம். டென்ஷன் மத் லோ."

என்னிடம் வந்து டென்ஷன் ஆகாதே என்கிறார்! வேறு என்ன வேலை எனக்கு?

சேவியருக்குப் போன் போட்டேன். கேம்பல் பேயிலிருந்து கப்பல் கிளம்பிவிட்டது, நடுக்கடலில் எந்த டவர்? சனிக்கிழமை வந்துசேர வேண்டிய கப்பல். கடல் சரியில்லை, ஞாயிறு சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதாவது விழா நேரத்துக்கு. வருமா, வராதா? வந்தால் நல்லதா, வராவிட்டால் நல்லதா? இதில் எதற்குக் கவலைப்படுவது என்றே தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

ஞாயிறு. சென்னை விமானம் இறங்கியது. பெனி உட்கார்ந்து வந்தாள், பூக்கள் சரக்கோடு சரக்காக வந்தன. இரண்டு ஹாரும் ஒரே விமானத்தில் வந்து சேர்ந்தன.

"பாய் மாமா! அங்கிள்!" இடது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. "என்ன இவ்ளோ பேரு? யாராச்சும் மினிஸ்டர் வர்றாங்களா?"

வேனில் ஏறினோம். காதர் பாய் பிரியாணியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அரிசி எந்த அரிசி, ஆடு எந்த ஆடு. நான் எதிலும் அடக்கமுள்ளவன், ரகசியத்தில் மட்டும் முடியாது. மூன்றாவது வளைவில் கேட்டுவிட்டேன்.

"பெனி... உனக்கு வெள்ளிதானே?"

"ஆமா அங்கிள். அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லிட்டேனே."

காதர் பாய் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கிலோ மிளகாய் இருந்தது. வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னோம். லட்டு, கமிட்டி, ஃப்ளெக்ஸ். தங்க மங்கை என்றதும் பெனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"லட்டு... அப்பாவா குடுத்தாங்க?"

"உங்கப்பாதான். தன் கையால."

பெனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுதான் அங்கிள். நான் ஹிந்தில சொன்னேன். தோத்துட்டேன்னு தமிழ்ல என் வாயில வரவே வராது. ஹிந்தில சொன்னா வேற யாரோ தோத்த மாதிரி இருக்கும்... எப்பவும் அப்படித்தான் சொல்லுவேன். அப்பாக்குப் புரியுதுன்னு நெனச்சிட்டேன்."

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம் பாப்பா," என்றார் காதர் பாய், இதுவரை அவரிடம் நான் கேட்டறியாத ஒரு மெல்லிய குரலில். "சும்மா நில்லு. மாலையப் போடுவோம், ஃபோட்டோ எடுப்போம், பிரியாணி தின்போம். நீ ஜெயிச்சேன்னும் சொல்லாத, தோத்தேன்னும் சொல்லாத. ஒங்க அப்பா மானம் இருக்குல்ல?"

அவள் போனை எடுத்தாள். அப்பாவின் எண்ணுக்குப் போன் போட்டாள். மறுபடி போட்டாள். எண்ண ஆரம்பித்தவன், வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் பெற்ற அப்பா ஊர் சிரிக்க நிற்பார். சொல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க, தான் வெல்லாத ஒன்றுக்குச் சொந்தக்காரியாக இந்தத் தெருவில் நடக்க வேண்டும். கேட்பதற்கோ ஆள் கடலில். பந்தயத்திலாவது எதிரே ஒரே ஒரு ஆள்தான்!

நாலு மணி. ஹால் நிறைந்துவிட்டது. எங்கள் தெருவே அங்கேதான். முன்வரிசையில் வங்காளி மீன் வியாபாரி தத்தா பாபு. காதர் பாய் வரவேற்புரை என்ற பெயரில் கொஞ்ச நேரம் தன்னைப் பற்றிப் பேசிவிட்டு, மாலையைக் கையில் எடுத்தார். ரோஜாவும் சம்பங்கியும்... மணம் கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கும்.

பெனி இரண்டு கையையும் நீட்டி அவரைத் தடுத்தாள்.

"ஒரு நிமிஷம் மாமா. மொதல்ல மைக்."

காதர் பாய் மைக்கைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். வெளிய ஃப்ளெக்ஸ்ல இருக்கற ஃபோட்டோ என்னோடது. மேல எழுதியிருக்கறது வேற பொண்ணப் பத்தி." ஒரு மூச்சு எடுத்தாள். "நான் தோத்துட்டேன்."

தமிழில் சொன்னாள்.

ஹாலில் ஆறு ஃபேன். அதில் ஒன்று டக்... டக்... என்று அடிக்கும். அது ஒன்றுதான் கேட்டது.

"அப்பா மேல தப்பில்ல. நான்தான் போன்ல சரியா சொல்லல. அதனால யாரும் அவரக் கேலி பண்ணக் கூடாது. பண்ணணும்னா என்னப் பண்ணுங்க, நான் இங்கயேதான் இருக்கப்போறேன்." அதையே ஹிந்தியிலும் ஒருமுறை சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "அங்கிள் கணக்கு வெச்சிருப்பாரு. எத்தன ஃபைனல், சொல்லுங்க அங்கிள்."

எல்லாத் தலைகளும் திரும்பின. எழுந்தேன்.

"பன்னிரண்டு," என்றேன். "வென்றது நாலு. தோற்றது... எட்டு."

பொதுவில் ஓர் எண்ணைச் சொல்ல என் குரல் நடுங்கியது அதுதான் முதல் தடவை.

"கேட்டீங்களா? எட்டு! அதுக்கும் சேத்துத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் அது கேலிச் சிரிப்பு இல்லை. அவள் அதோடு விடவில்லை. மேஜைமேல் இருந்த இரண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். "இது நான். இது அந்தப் பொண்ணு. பத்தொம்பது வயசு. நான் ட்ராக் சரிவுல மேல ஏறி நின்னு வலது தோளு வழியா அவளப் பாத்துட்டே இருக்கேன். வருவா, வருவான்னு பாத்துட்டே இருக்கேன்... அவ கீழால பூந்துட்டா! எங்க எடம் இருந்துச்சுன்னு இப்பவும் எனக்குத் தெரியல. என்னா மூவ் தெரியுமா!"

அவள் கண்ணைப் பார்க்க வேண்டுமே. ஏதோ தானே வென்ற பந்தயத்தைச் சொல்கிற மாதிரி. தண்ணீர் பாட்டிலைப் பார்த்து ஹாலே 'அடடா' என்றது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நீ சரியாத்தான் சொன்ன மக்கா."

சேவியர். கப்பலிலிருந்து நேராக வந்திருக்கிறார். அதே பை, அதே சட்டை, அதன்மேல் புதிதாக டீசல் கறை.

"எனக்கும் சரியாத்தான் கேட்டுச்சு," என்றபடி நடுவழியில் நடந்து வந்தார். "தோத்துட்டன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்லா?"

காதர் பாய் கையில் மாலையோடு சிலையானார். "அண்ணே... ஜெயிச்சுட்டான்னு நீங்கதானே..."

"நான் எப்ப வே ஜெயிச்சான்னு சொன்னேன்? ஹார் மிலீன்னுல்லா சொன்னேன்! இத்தன வருசமா இந்தத் தீவுல யாவாரம் பாக்கீரு, மிலாவுக்கும் மிலீக்கும் வித்தியாசம் தெரியாதா ஒமக்கு?"

"தெரியாதுண்ணே!" என்றார் காதர் பாய். அந்த மனிதர் இவ்வளவு உண்மையாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஹம்கோ பி மாலூம் நஹீ!" என்றார் முன்வரிசை தத்தா பாபு.

ஹால் வெடித்தது. யாருக்கும் தெரியவில்லை! முப்பது வருஷம், நாற்பது வருஷம் இந்த ஹிந்தியில் மீன் விற்று, சண்டை போட்டு, சம்பந்தம் பேசி முடித்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை; தெரிந்த என் காதையும் அன்று லட்டு அடைத்துவிட்டது. என்ஜினுக்கு எண்ணெய் போடும் மெக்கானிக் சரியாகச் சொல்லியிருக்கிறார், நாங்கள் லட்டைப் பார்த்து அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

"அப்ப லட்டு எதுக்குண்ணே?" காதர் பாய் விடவில்லை. "தோத்ததுக்கா?"

சேவியர் மகள் பக்கத்தில் வந்து நின்று, அவள் தோளில் கையை வைத்து, டீசல் கறை படும் என்று எடுத்துக்கொண்டார்.

"சைக்கிள விட்டு எறங்குன ஒடனே போன் பண்ணுதா. ஷூ கூட கழத்தல. மூச்சு எறைக்கி... அப்பா, ஹார் மிலீங்கா. அழுகல. அந்தப் பிள்ள எப்பிடிப் பூந்து போனான்னு சொல்லிச் சொல்லி சிரிக்கா." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அதான் ஒரு பெட்டி லட்டு வாங்குனேன். வேற எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல வே."

பெனி முகத்தை மூடிக்கொண்டாள். ஏர்போர்ட்டில் அழாதவள், மைக்கில் அழாதவள்.

காதர் பாய் மாலையைப் பார்த்தார். "இத இப்ப என்ன பண்றது?"

"போடும். பூ வாடுதுல்லா?"

போட்டார்.

பிரியாணி நன்றாக இருந்தது. எத்தனை துண்டு என்று எண்ணாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்தபோது பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. பெனி முதல்முதலாக ஒரு ஃபைனலில் தோற்றபோது சேவியர் என் வீட்டுக்கு வந்தார். "சார், பிள்ளட்ட இருந்து போனே வரல. பேப்பர்ல என்னவும் போட்டிருக்கானா பாருங்க." நான்தான் தேடிப் பார்த்து, தோற்றுவிட்டாள் என்று சொன்னேன். அவள் அப்பாவிடம் பேசுவதற்குப் பல நாள் ஆயிற்று. இரண்டாவது தோல்விக்கும் வந்தார். மூன்றாவதுக்கும் வந்தார். அப்புறம் வருவதை நிறுத்திவிட்டார்.

எனக்கு அப்போது கொஞ்சம் வருத்தம்கூட. காரியம் ஆனதும் மனுஷர் வாசல்படி மிதிப்பதில்லை பார், என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன். ஏன் வரவில்லை என்று இப்போதல்லவா தெரிகிறது! வரத் தேவையில்லாமல் போயிருக்கிறது. மகளே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தோல்விக்குப் பல நாள் கழித்துக் கூப்பிட்டவள், அப்புறம் மறுநாள், அப்புறம் அன்று சாயங்காலம்... கடைசியில் மூச்சு அடங்குவதற்கு முன்னால்.

பதக்கத்தை எண்ணினேன். ஃபைனலை எண்ணினேன். ஃப்ளெக்ஸில் என் படம் எத்தனையாவது என்று எண்ணினேன். தோற்ற இடத்துக்கும் அந்தப் போனுக்கும் நடுவில் இருந்த தூரம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்ததை மட்டும் எண்ணவில்லை. அவள் எந்தக் கோச்சிடமும் இதைக் கற்றிருக்க முடியாது. இதற்கு மேடை கிடையாது, கொடி கிடையாது, கை தட்டவும் ஆள் கிடையாது. ஒரு போன், மறுமுனையில் ஓர் அப்பா.

ரங்கத்து வாசகரே, அளவுகோல் கேட்டீர்கள் அல்லவா? விளையாட்டைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர் எவரானாலும் வாழ்க்கையில் வெல்வதைவிடத் தோற்பதுதான் அதிகம். எத்தனை தோல்வி என்பது தொழில் கணக்கு. தோற்றதைத் தன் வாயால் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்? ஜெயித்தவரைப் பற்றிப் பேசும்போது கண் எப்படி இருக்கிறது? இதில் என்னால் எண்ண முடிந்தது பாதிதான், மீதியை நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பெனிட்டா மாபெரும் வீராங்கனைதான். நாலு தடவை ஜெயித்ததற்காக மட்டும் அதை எழுதியிருந்தால் நான் தப்பு. இப்போது எழுதுவது சரி. கேள்வி கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. கோபப்பட்டதற்கு மன்னியுங்கள்.

சேவியருக்கும் நன்றி. பதின்மூன்று வருஷம் இந்தத் தெருவே எண்ணி மகிழ ஒரு பெண்ணைக் கொடுத்தார். காதர் பாய்க்கும்தான். ஃப்ளெக்ஸை அவர் கழற்றவில்லை. 'தங்க' என்ற சொல்லின்மேல் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார். 'மங்கையே வருக' என்று இருக்கிறது. அதுவே போதுமே. ஆண்பால் பெண்பாலைத் தொலைத்த எங்கள் தீவு ஹிந்திக்கும் ஒரு நன்றி. சரியான ஹிந்தி பேசுகிற ஊராக இருந்திருந்தால் இந்த விழாவே நடந்திருக்காது.

லட்டுக்கு வருகிறேன். போன வாரம் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை எகிறி நின்றது. கோவையில் இருக்கும் என் மகளிடமிருந்து இந்த எண்ணை மறைப்பதில் நான் இத்தனை வருஷமாகத் தேசிய சாம்பியன். ரிப்போர்ட்டை எங்கே ஒளிக்கலாம் என்று யோசித்தபடி லேப் படியில் நின்றவன், யோசனையை விட்டுவிட்டு அங்கேயே போனை எடுத்தேன்.

"அம்மாடி, ஹார் மிலீ."

"மாலையா? எதுக்குப்பா உங்களுக்கு மாலை?"

தீவில் வளர்ந்த பெண்... வேறு எப்படிக் கேட்பாள்!